கடல் கேட்பதற்கு முன்னால்

சித்தூரில் கடல் இல்லை. நீவா என்று ஓர் ஆறு உண்டு. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அதில் மணல்தான். மாம்பழம், வெல்லம், கருங்கல் என்று பிழைப்பு நடத்தும் ஊர். அப்படிப்பட்ட ஊரில், வேலூர் சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில், ஜூன் மாத வெயிலில் ஒரு படகு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஜினோடு இருக்க வேண்டிய நீண்ட தண்டையும் அதன் முனையிலுள்ள விசிறியையும் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கிணற்றடியில் வைக்கிற பம்பு ஒன்று மாட்டப்பட்டிருந்தது. சிமெண்டுத் தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி அதே தொட்டியில் திரும்பக் கொட்டிக்கொண்டிருந்தது பம்பு. எந்த வயலுக்கும் போகாத தண்ணீர். பார்ப்பவர்களுக்கு டீசலை வீணடிக்கும் வேலையாகத் தோன்றும். தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்த மீனவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

"அண்ணா, நல்லாத்தானே ஓடுது? எறக்கி வண்டியில ஏத்திடலாமே."

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. அவருடைய காது இன்ஜினிடம் இருந்தது.

மீனவரின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை. ஆந்திரத்தில் இன்ஜின் பொருத்திய சிறு படகுகளுக்கும் அது பொருந்தும். தடை முடிய இன்னும் இரண்டு நாட்கள்தான். இரண்டு மாதம் தொந்தரவில்லாமல் கிடந்த கடலில் முதல் சில நாட்கள் கிடைக்கும் மீன் வேறு. அதற்குக் கிடைக்கும் விலையும் வேறு. அந்த நாட்களை நம்பித்தான் வட்டிக்கு வாங்கி இன்ஜினுக்குச் செலவு செய்திருந்தார்.

அவர் ஊர் தடாவுக்குப் பக்கத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது சூளூர்ப்பேட்டை, தடா, ஸ்ரீஹரிகோட்டா எல்லாம் நெல்லூரிலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. ஏழுமலையான் பெயரால் உலகம் அறிந்த மாவட்டத்துக்கு அன்றைக்குக் கடற்கரையும் கிடைத்தது. ராக்கெட் ஏவுதளமும் கிடைத்தது. குப்பத்தில் மாறியது தபால் முகவரி மட்டும்தான்.

தடாவிலிருந்து சித்தூர் நூறு கிலோமீட்டருக்கும் மேல். போகிற வழியில் எத்தனையோ பட்டறைகள் இருக்க, அவர் இங்கே வந்ததற்குக் காரணம் முந்தைய வருடம் நடந்தது. வேறோர் இடத்தில் இதே இன்ஜினுக்கு வேலை பார்த்திருந்தார்கள். அங்கே தரையில் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். சத்தம் கோயில் நாயனம்போல இருந்தது. மூன்றாவது நாள், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அது நின்றுபோனது.

முகத்துவாரம் என்பது மணல் மேடுகளின் இடம். ஆழம் திடீரென்று குறைவதால் கடலிலிருந்து வரும் அலை அங்கேதான் எழும்பி உடையும். அந்த இடத்தை நேராக, நிற்காமல், முழு வேகத்தில் தாண்ட வேண்டும். இன்ஜின் நின்றால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். திரும்பியது. அடுத்த அலை கவிழ்த்தது. படகில் அவரோடு மகனும் இருந்தான். இருவரும் நீந்திக் கரையேறினார்கள். வலை போயிற்று. மகன் அதற்குப் பிறகு ஒரு மாதம் படகில் ஏறவில்லை.

சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கும் மைத்துனர்தான் இந்த மேஸ்திரியைப் பற்றிச் சொன்னார்: "ஓட்டிக் காட்டமாட்டாரு. வேலை வாங்கிக் காட்டுவாரு."

மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. கிணறுகளில் தண்ணீர் இருந்த காலத்தில் டீசல் பம்புசெட்டுகளில் தொழில் கற்றவர். கிணறுகள் வற்றி, ஆழ்குழாயும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தபோது அந்தத் தொழில் மெல்லக் கரைந்தது. பிறகு கரும்பாலை இன்ஜின்கள், கல்யாண மண்டப ஜெனரேட்டர்கள் என்று கை மாறியது. தொட்டியும் பம்பும் பழைய தொழிலின் மிச்சம். பேச்சில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வந்து போகும். 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. பட்டறையின் பேச்சுக்கு அந்த எல்லை இன்னும் தெரியாது.

சும்மா ஓடும் இன்ஜின் எதையும் சொல்லாது என்பது அவருடைய கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. சுமை இல்லாதபோது இன்ஜின் தன்னுடைய உராய்வை மட்டும் சமாளித்தால் போதும். கவர்னர் துளித்துளியாகத்தான் டீசல் விடும். சிலிண்டரில் சூடு ஏறாது, அழுத்தம் ஏறாது. தேய்ந்த இன்ஜெக்டர், கசியும் வால்வு, இறுக்கம் போதாத ஹெட் போல்ட் எல்லாமே அந்த நிம்மதியில் ஒளிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை முதல் நாள் விருந்தில் பார்த்துக் குணம் சொல்வது மாதிரிதான்.

இன்னொன்றும் உண்டு. புதிதாகப் போரிங் செய்த சிலிண்டரின் சுவரில் நுண்ணிய குறுக்குக் கோடுகள் இருக்கும். பிஸ்டன் ரிங்குகள் அந்தக் கோடுகளோடு உரசி, தங்களுக்கான வழியைத் தேய்த்து அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு சேர்த்துத் தள்ள வேண்டும். மணிக்கணக்கில் சுமையில்லாமல் ஓட்டினால் ரிங் உட்காராது. சுவர் கண்ணாடிபோல் மினுமினுப்பாகிவிடும். பிறகு ஆயில் மேலே ஏறும், நீலப் புகை வரும். புது இன்ஜினை அலுங்காமல் வைத்திருப்பதாக நினைத்து அதைக் கெடுப்பவர்கள் நிறையப் பேர். சுமை என்பது பரீட்சை மட்டுமல்ல. படிப்பின் கடைசிப் பாடமும் அதுதான்.

திருப்பதியில் வண்டி வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு மலை இருக்கிறது. திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-இலும் இரண்டாவது 1974-இலும் திறக்கப்பட்டன. இரண்டாவதில் ஏறி முதலாவதில் இறங்குவது வழக்கம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயிலுக்கு ஆட்களை நிரப்பிக்கொண்டு ஏறுகிற வண்டியின் இன்ஜினைப் பற்றி அதற்குமேல் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. அலிபிரியில் ஆரம்பிக்கும் ஏற்றம் எல்லாவற்றையும் கேட்டுவிடும். மீனவரின் இன்ஜினுக்கும் போரிங் வேலை திருப்பதியில் ஒரு லேத்துப் பட்டறையில்தான் நடந்தது. ஆனால் படகு இன்ஜினை மலையேற்ற முடியாது.

கடற்கரைப் பட்டறைகளில் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, விசிறியை அதில் விட்டு ஓட்டிப் பார்ப்பதுண்டு. ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் பீப்பாய்த் தண்ணீர் சீக்கிரமே சுழல ஆரம்பித்துவிடும். காற்றும் கலந்து நுரைக்கும். விசிறிக்குப் பிடி கிடைக்காது. பிடி இல்லாவிட்டால் சுமையும் இல்லை.

பம்பு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. படகின் விசிறியும் வயல்வெளிப் பம்பும் உள்ளுக்குள் ஒரே சாதி. இரண்டும் தண்ணீரைச் சுழற்றித் தள்ளுபவை. இரண்டிலும் வேகம் கூடும்போது சுமை அதே விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 10 குதிரைத் திறன் கேட்கும் விசிறி, 1,500 சுற்றில் ஒன்றேகால் குதிரைத் திறன்தான் கேட்கும். 2,400 சுற்றில்கூட ஏறக்குறைய பாதிதான். அரை வேகத்தில் ஏரியில் சுற்றிவிட்டு 'இன்ஜின் பரவாயில்லை' என்று சொல்பவர், அதன் பலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கிறார். முகத்துவாரம் கேட்பது மிச்சம் ஏழு பங்கையும்.

இந்தக் கணக்கை மேஸ்திரி எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. படித்தவர்களும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். இன்ஜினின் பலத்தை அளக்க, சுழலும் உருளையைக் கட்டைகளால் இறுக்கிப் பிடிக்கும் பிரேக்கை பிரெஞ்சுக்காரர் ப்ரோனி 1821-இல் அமைத்தார். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் கயிறும் சுருள்வில் தராசும் வைத்து மாணவர்கள் செய்கிற சோதனை அதன் வாரிசு. கப்பல் இன்ஜின்கள் பெரிதானபோது கட்டைகள் கருகின. 1877-இல் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கட்டைக்குப் பதிலாகத் தண்ணீரே இன்ஜினைப் பிடித்து இழுக்கும் கருவியை பிரிட்டிஷ் கடற்படைக்காக வடிவமைத்தார். இன்றும் உலகமெங்கும் இன்ஜின் சோதனைச் சாலைகளில் அதன் வழித்தோன்றல்கள் வேலை செய்கின்றன. சித்தூர்த் தொட்டி அந்த வம்சத்தில் ஓர் ஏழைச் சொந்தம்.

அன்றைய சோதனை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. முதல் அரை மணி கால்வாசிச் சுமை. நிறுத்தி, ஆறவைத்து, ஹெட் போல்ட்டுகளை மறுபடி முடுக்கினார்கள். பிறகு அரைச் சுமை. கடைசியில் முழுச் சுமை, ஒரு மணி நேரம். சுமையை ஏற்ற என்ன செய்வது என்று பட்டறைப் பையனிடம் கேட்டார் மேஸ்திரி. பம்பின் வால்வை மூட வேண்டும் என்றான் பையன். தண்ணீர் போக வழியில்லாவிட்டால் இன்ஜின் திணறும் அல்லவா? எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். இந்த வகைப் பம்பில் நடப்பது நேர்மாறு. வால்வை மூடினால் உள்ளே அதே தண்ணீர் சும்மா சுற்றும், சுமை இறங்கும். திறந்துவிட்டால்தான் தள்ள வேண்டிய தண்ணீர் அதிகம், சுமை ஏறும்.

வால்வு திறந்தது. சத்தம் கனத்தது. புகைக்குழாயில் லேசான சாம்பல் நிறம்; அதுவும் கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. கறுத்திருந்தால் டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளை விடாமல் வந்தால் எரியாத டீசல். டேங்குக்குப் பதிலாகக் கோடு போட்ட பாட்டில் ஒன்று தொங்கியது. இந்த அளவு இன்ஜின் முழுச் சுமையில் மணிக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கலாம். அதைவிட ரொம்பவும் கூடினால் எங்கோ ஓட்டை. ஐயாயிரம் லிட்டர்த் தொட்டி. ஒரு மணி நேரத்தில் அந்தத் தண்ணீரே ஒரு டிகிரிக்குச் சற்று மேல் சூடாகும். இன்ஜின் செய்த உழைப்பெல்லாம் கடைசியில் அந்தச் சூடுதான்.

முப்பத்தைந்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மீனவர் போனில் மினி லாரிக்காரரைக் கூப்பிட எண் தேடிக்கொண்டிருந்தார்.

நாற்பதாவது நிமிடத்தில் சத்தத்தில் ஏதோ இறுகியது. வேகம் காட்டும் முள் கொஞ்சம் சரிந்தது. ஆயில் அறையின் மூச்சுக்குழாயில் அதுவரை மெல்ல வந்துகொண்டிருந்த ஆவி, சுருட்டுப் புகைபோலக் கொத்துக்கொத்தாக வந்தது. பையன் நிறுத்துவதற்கு ஓடினான். மேஸ்திரி கையைப் பிடித்துத் தடுத்தார். சூட்டில் இருக்கும் இன்ஜினைச் சட்டென்று நிறுத்தினால் இருக்கிற சேதம் பெரிதாகும். வால்வைச் சிறிது சிறிதாக மூடி, சுமையை இறக்கி, ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, அப்புறம்தான் நிறுத்தினார்.

"இன்னிக்கு ஆகாது தம்பி" என்றார்.

மீனவர் எழுந்து கொட்டகைக்கு வெளியே போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "சும்மா வுட்டா ஓடுதே அண்ணா" என்றார். அவருக்கே தெரிந்த பதிலை மேஸ்திரி சொல்லவில்லை.

சாயங்காலம் ஆறிய பிறகு பிரித்தார்கள். பிஸ்டன் ரிங் முழு வட்டமல்ல. ஒரு வெட்டு உள்ள வளையம். சிலிண்டருக்குள் வைத்தால் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். இந்த அளவு சிலிண்டருக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர். சூட்டில் ரிங் நீளும்போது அந்த இடைவெளிதான் அதற்குப் போக்கிடம். மேல் ரிங்கின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று மோதிப் பளபளவென்று இருந்தன. இடைவெளியை அளந்து பார்த்து முனையை அரம் போட்டுச் சரிசெய்யாமல், பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டியிருந்தான் பையன். நீள இடமில்லாத ரிங் சிலிண்டர் சுவரை நெருக்கியிருக்கிறது. சுவரில் மேலிருந்து கீழாகச் சில கீறல்கள், நல்லவேளையாக ஆழமில்லை.

சும்மா ஓட்டியிருந்தால் நாள் முழுக்க ஓடியிருக்கும். அந்தச் சூடு வந்திருக்காது; அந்த நீட்சி வந்திருக்காது. நாற்பது நிமிட முழுச் சுமை என்பது ஏறக்குறைய குப்பத்திலிருந்து முகத்துவாரம் வரை போகிற நேரம்.

பையன் அழுகிற நிலையில் இருந்தான். மேஸ்திரி அவனைத் திட்டவில்லை. "மாட்டினது நீ. பார்க்காம வுட்டது நான்" என்று சொல்லிவிட்டு ஃபில்லர் கேஜை அவன் கையில் கொடுத்தார்.

மீனவரின் குப்பத்திலிருந்து பார்த்தால், ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்புவது தெரியும். ஏவுகிற நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். அங்கேயும் இதே பாடம் கற்க வேண்டியிருந்தது. இந்தியா சொந்தமாக உருவாக்கிய கிரையோஜெனிக் இன்ஜினைத் தமிழ்நாட்டின் மகேந்திரகிரியில் தரையில் நிறுத்தி, 2007 நவம்பர் 15 அன்று முழுசாக 720 விநாடிகள் எரித்துப் பார்த்தார்கள். வெற்றி. 2010 ஏப்ரல் 15 அன்று அதைத் தாங்கிய ஜிஎஸ்எல்வி டி-3 புறப்பட்டது. மேல் அடுக்கில் எரிபொருளைத் தள்ளும் துணைப் பம்பு நின்றுபோக, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பிறகு அந்தப் பம்பைத் திருத்தி வடிவமைத்தபோது கவனித்த விஷயங்களில் ஒன்று, கடுங்குளிரில் பேரிங்கும் அதைச் சுற்றிய கூடும் சுருங்குவது. இங்கே சூட்டில் நீளுவது. அங்கே குளிரில் சுருங்குவது. வானில் இருப்பது போன்ற வெற்றிடச் சூழலை மகேந்திரகிரியில் உண்டாக்கி, அதில் இன்ஜினைப் பற்றவைத்தும் பார்த்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி டி-5 வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்தது.

720 விநாடி எரிந்தது பொய்யில்லை. ஆனால் தரை கேட்ட கேள்வி வேறு, வானம் கேட்ட கேள்வி வேறு. சோதனை என்பது எத்தனை நேரம் ஓட்டினோம் என்பதில் இல்லை. போகிற இடம் கேட்கப்போகும் கேள்வியைப் புறப்படுகிற இடத்திலேயே கேட்டோமா என்பதில் இருக்கிறது. கொடியசைத்து அனுப்பும் நாளுக்கு அவசரப்படுகிறவர்களுக்கு இது எப்போதும் தாமதமாகவே தெரியும். பெரிய இடங்களில் விசாரணைக் குழு அமைத்துக் கற்கிறார்கள். குப்பத்தில் வலையைக் கொடுத்துக் கற்கிறார்கள். சில சமயம் பிள்ளையைக் கொடுத்து.

தடை நீங்கிய நள்ளிரவில் குப்பத்துப் படகுகள் எல்லாம் போயின. அவருடைய படகு கரையில் இருந்தது. அன்று காலையில் என்ன விலைக்கு மீன் போனது என்று மைத்துனர் போனில் கேட்டுச் சொன்னார். மீனவர் கேட்டுக்கொண்டார், எதுவும் சொல்லவில்லை. புது ரிங் செட்டும் சிலிண்டர் தேய்ப்புக் கூலியும் மேஸ்திரி தன் கணக்கில் போட்டுக்கொண்டார். போன நாட்களை யார் கணக்கிலும் போட முடியாது.

ஜூன் 16 அன்று மறுபடி சோதனை. கால், அரை, முழுச் சுமை. நாற்பதாவது நிமிடம் வந்தபோது கொட்டகையில் யாரும் பேசவில்லை. முள் அசையவில்லை. மூச்சுக்குழாயில் குளிர்காலத்து மூச்சு மாதிரி மெல்லிய ஆவி. அறுபது நிமிடமும் ஓடிய பிறகு இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. சூடாக இருக்கும்போதே நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து, கையால் சுற்றிக் கிளப்ப வேண்டும். கடலில் வலை இறக்க நிறுத்துகிறவன் திரும்பக் கிளப்பியாக வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜின் கிளம்புவதும் உச்சி வெயிலில் கொதிக்கும் இன்ஜின் கிளம்புவதும் ஒன்றல்ல. மேஸ்திரி கைப்பிடியை மீனவரிடமே கொடுத்தார். இரண்டாவது சுற்றில் கிளம்பியது. நிறுத்தி இன்னொரு முறை. முதல் சுற்றிலேயே.

நீண்ட தண்டையும் விசிறியையும் தனியாகச் சாக்கில் சுற்றி மினி லாரியில் ஏற்றினார்கள். மீனவர் மிச்சப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது மட்டும், "பையன் வரேன்னு சொல்றான் அண்ணா" என்றார். படகில்தான்.

அதன் பிறகு அந்த இன்ஜினைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. மேஸ்திரியின் தொழிலில் நல்ல செய்தி என்பது அப்படித்தான் வரும்.